அந்தி வேளை மாணாக்கர்: பினாங்குத் தமிழரும் முதியோர் கல்வியும்

கல்வி என்னும் சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது புத்தகப் பையைச் சுமந்து செல்லும் சிறுவனின் உருவமே. ஆறு வயதில் தொடங்கிப் பதினேழு பதினெட்டு வயதில் முடிந்துவிடும் பருவத் தொழிலாகவே உலகம் நெடுங்காலம் கல்வியைக் கருதி வந்தது. தமிழ் மரபு அவ்வாறு கருதவில்லை. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை வகுத்தபின், அவற்றை அடுத்துக் கேள்வி என்றோர் அதிகாரத்தையும் வைத்தார். ஏடு எடுத்துக் கற்க இயலாது போனவனும் செவி வழியே அறிவு பெறலாம் என்பது அவ்வைப்பு முறையினாலேயே விளங்கும். வடலூரில் இராமலிங்க அடிகள் தொடங்கிய சன்மார்க்க போதினியும் சிறுவர், முதியோர் என்ற வேறுபாடின்றி எழுத்தறிவு புகட்ட எழுந்த பாடசாலையே.

எனினும், உழைத்துக் களைத்த ஒருவன், குடும்பச் சுமை தாங்கும் ஒருத்தி, அந்தி வேளையில் மீண்டும் மாணாக்கராக அமர்வதற்கு அவர்களை உந்துவது யாது? அமர்ந்தவரை நிலைபெறச் செய்வது யாது? பாதியில் எழுந்து போகச் செய்வது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறவல்ல வரலாறு பினாங்குத் தீவிலே உண்டு. அதனை அறிந்துகொள்வது தமிழாசிரியர்க்குப் பெரிதும் பயன் தரும்.

உழைப்பாளர் சாலை

ஜார்ஜ்டவுனில் கொம்தார் கோபுரம் நிற்கும் இடத்திலிருந்து மேற்கு நோக்கி ஆயர் ஈத்தாம் பக்கம் செல்லும் நெடுஞ்சாலை டத்தோ கிராமாட் சாலை எனப்படும். கிராமாட் என்னும் மலாய்ச் சொல் அருளாளர் அடங்கிய புனித இடத்தைக் குறிப்பது. பெயர் புனிதரைக் குறித்தாலும் சாலையின் வாழ்வு உழைப்பாளர் வாழ்வாகவே இருந்தது. 1907ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் நிறுவனத்தின் ஈய உருக்காலை இச்சாலையிலேதான் இயங்கியது. பேராக் மாநிலச் சுரங்கங்களில் தோண்டிய ஈயமண் இங்கு உருகிப் பாளமாகிக் கப்பலேறிற்று. சற்றுத் தொலைவில், ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில், தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடியிருந்த வண்ணாந்துறை உண்டு. சாலையோரத்தில் படாங் பிரவுன் திடல் பல இன மக்களும் கூடும் வெளியாய் விளங்கிற்று. உருக்காலை இன்று இல்லை. அது நின்ற நிலத்தில் வணிக வளாகம் எழுந்துள்ளது.

பினாங்குத் தமிழருள் பெரும்பகுதியினர் கைத்தொழிலால் வாழ்ந்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், நகராண்மைக் கழகத்தில் சாலை அமைத்தோர், துப்புரவுப் பணி செய்தோர், மாட்டுவண்டி ஓட்டியோர், சிறு கடை வைத்தோர் என அவர்களைப் பகுத்துக் கூறலாம். ஊதியப் பதிவேட்டில் கையொப்பத்திற்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை பதித்தவர் அவர்களுள் பலர். கைநாட்டு என்னும் சொல் நாளடைவில் வசைச்சொல்லாகவும் மாறிற்று. அந்த வசையின் வலிதான் பிற்காலத்தில் பலரை எழுத்துப் பலகையின் முன் கொண்டுவந்து அமர்த்தியது.

பினாங்கில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் பழமையானது. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தோன்றிய பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றதை முன்னிறுத்தியே 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாவது ஆண்டு கொண்டாடப்பெற்றது. ஆயின் அவ்வகுப்பு சிறுவர்க்கு உரியது. வளர்ந்தவர்க்கு வகுப்பு என்று எதுவும் இல்லாத அக்காலத்தில் அச்சகமே பள்ளியாயிற்று. 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கிலிருந்து நடத்திய இதழின் பெயரே ‘வித்தியா விசாரிணி’ என்பதாகும். கல்வியை நாடி ஆராய்வது என்று பொருள்படும் அப்பெயர், இதழ் படிப்போனை வெறும் வாசகனாகக் கொள்ளாது கற்போனாகவே கொண்டது.

1924இல் தமிழ் நேசனும் 1935இல் தமிழ் முரசும் தோன்றியபின் இச்செவிக் கல்வி மேலும் பரவிற்று. எழுத்தறிந்த ஒருவர் நாளிதழைப் படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்து கேட்டனர். சிகையலங்காரக் கடைத் திண்ணையும் தேநீர்க் கடை வாங்கும் அவர்களுக்கு வகுப்பறைகளாயின. கேட்டவருள் சிலருக்கு, பிறர் வாயிலாகக் கேட்பதைத் தாமே படித்தால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. அந்த எண்ணமே வளர்ந்தோர் கல்வியின் முதல் வித்து.

எழுச்சியின் காலம்

1929ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெரியார் ஈ. வெ. இராமசாமி பினாங்குத் துறையில் வந்திறங்கினார். மலாயாவில் அவர் நிகழ்த்திய சுற்றுப்பயணம் சாதி வேற்றுமை, மூடப்பழக்கம், கல்லாமை ஆகியவற்றைப் பற்றிய விவாதத்தைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் கொண்டுசென்றது. அவர் கருத்தை ஏற்றவரும் எழுந்தனர், மறுத்தவரும் எழுந்தனர். ஏற்கவும் மறுக்கவும் படிப்பு வேண்டியிருந்தது. வாதம் வளர வளர வாசக சாலைகளும் வளர்ந்தன. வளர்ந்த மனிதன் பாடத்தை விரும்புவதற்கு முன் வாதத்தை விரும்புகிறான் என்பதை அக்காலம் தெளிவாக்கிற்று.

அடுத்து வந்தது போர்க்காலம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தலைமையேற்றபின் இந்திய தேசிய இராணுவத்தில் தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகச் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் அணிவகுத்தனர். அப்படையின் பொதுமொழியாக இந்துஸ்தானி உரோமன் எழுத்தில் வழங்கிற்று. பால்மரத்தின் அடியில் வளர்ந்தவர், முன்பின் அறியாத மொழியை முன்பின் அறியாத எழுத்தின் வழியே பழகும் நிலை அங்கே ஏற்பட்டது. வயது வந்தோர் தளராத மனத்துடன் கற்பதற்கு உயர்ந்த குறிக்கோள் ஒன்று போதும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரவுப் பள்ளிகளும் குடியுரிமையும்

போருக்குப் பின்னர் மலாயா முழுவதும் முதியோர் கல்வி முறையான வடிவம் பெறத் தொடங்கிற்று. 1951ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசில் வளர்ந்தோர் கல்விக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. சங்கக் கட்டடங்களும் கோயில் மண்டபங்களும் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளும் இரவுப் பள்ளிகளாயின. பகலில் சிறுவர் அமர்ந்த பலகைகளில் இரவில் அவர்தம் தந்தையர் முழங்கால் இடிக்க அமர்ந்தனர்.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது படிப்புக்குப் புதியதொரு காரணம் பிறந்தது. பதிவு வழியே குடியுரிமை பெற விரும்புவோர்க்கு மலாய் மொழியில் எளிய அறிவு இருத்தல் வேண்டும் என அரசியல் சட்டம் விதித்தது. விடுதலைக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்க்கு மட்டும் அவ்விதி தளர்த்தப்பட்டது. வாய்ப்பை உணர்ந்து விண்ணப்பித்தோர் பிழைத்தனர். அறியாமையாலும் அலட்சியத்தாலும் காலம் கடத்தியோர், தாயகம் திரும்பும் எண்ணத்தில் இருந்தோர், பின்னர் மொழியறிவை மெய்ப்பிக்க வேண்டியவராயினர். 1968ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமச் சீட்டு வேண்டும் என்றபோது, அந்த ஓராண்டின் அருமை பலருக்கும் விளங்கிற்று. சிவப்பு அடையாள அட்டைக்கும் நீல அடையாள அட்டைக்கும் இடைப்பட்ட தொலைவு சில நூறு மலாய்ச் சொற்களின் தொலைவாயிற்று. பல்லாண்டு உழைத்த நாட்டை விட்டுக் கப்பலேறிச் சென்ற குடும்பங்களை எண்ணிப் பார்ப்போர், எழுத்தறிவு என்பது வெறும் அலங்காரம் அன்று, வாழ்வுரிமை என்பதை உணர்வர்.

1960களில் நடந்த தேசிய மொழி இயக்கம் பள்ளிதோறும் மாலை வகுப்புகளைக் கூட்டிற்று. 1961 முதல் அரசாங்கமே கிராம வளர்ச்சி அமைச்சின் வாயிலாக முதியோர் எழுத்தறிவுப் பணியை மேற்கொண்டது. அப்பணி பிற்காலத்தில் கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறையின் கீழ் வந்தது. நாளடைவில் அத்துறையின் பெயர் முதியோர் வகுப்பைவிடப் பாலர் பள்ளியோடுதான் மக்கள் நினைவில் மிகுதியும் பிணைந்தது. எழுத்தறியாத தலைமுறை சுருங்கச் சுருங்க இரவு விளக்குகளும் ஒவ்வொன்றாய் அணைந்தன.

இங்கே ஓர் உண்மையைக் கருதுதல் வேண்டும். தேவை மனிதனை வகுப்பிற்கு அழைத்து வரும். ஆனால் தேவை நிறைவேறிய அன்றே அவனை வெளியேயும் அனுப்பிவிடும். அடையாள அட்டை கைக்கு வந்தபின் அந்த வகுப்பில் அவனுக்கு வேலை என்ன? தேவையையே ஒரே தூணாகக் கொண்டு எழுப்பிய பள்ளி, அத்தேவை தீர்ந்ததும் சரியும்.

வளர்ந்தோர் கற்கும் முறை

வளர்ந்தோரால் கற்க இயலாது என்னும் எண்ணம் ஒருகாலத்தில் அறிஞரிடையேயும் நிலவியது. 1928இல் அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு தார்ண்டைக் தம் ஆய்வு நூலால் அதனைத் தகர்த்தார். வயது ஏற ஏறக் கற்கும் வேகம் சிறிதளவு குறையுமேயன்றிக் கற்கும் ஆற்றல் அற்றுப்போவதில்லை என்பது அவர் கண்ட முடிவு. 1961இல் சிரில் ஹூல் என்னும் கல்வியறிஞர் இடைவிடாது கற்றுவந்த 22 பேரிடம் நேரில் உரையாடி, அவர்களை மூவகைப்படுத்தினார். குறிப்பிட்ட பயனை நாடிக் கற்போர் முதல் வகையினர். பலரோடு கூடியிருக்கும் இன்பத்தை நாடிக் கற்போர் இரண்டாம் வகையினர். அறிவின் பொருட்டே அறிவை நாடுவோர் மூன்றாம் வகையினர். பினாங்கின் வரலாற்றில் இம்மூவரையும் காணலாம். நீல அட்டைக்காக மலாய் கற்றவர் முதல் வகை. வேலை முடிந்தபின் தோழரைக் காணும் இடமாகச் சங்கத்து இரவுப் பள்ளியை நாடியவர் இரண்டாம் வகை. மூன்றாம் வகையினரைப் பற்றிப் பின்னர்க் காணலாம்.

1960களின் இறுதியிலிருந்து மால்கம் நோல்ஸ் என்பார் வளர்ந்தோர்க்குக் கற்பிக்கும் முறை சிறுவர்க்குக் கற்பிக்கும் முறையினின்றும் வேறானது என்னும் கருத்தை உலகெங்கும் பரப்பினார். சிறுவன் அனுபவம் இல்லாது வருகிறான். வளர்ந்தவன் அனுபவத்தோடு வருகிறான். சிறுவன் நாளைக்குப் பயன்படும் என்று கற்கிறான். வளர்ந்தவன் இன்றே பயன்பட வேண்டும் என்று கற்கிறான். சிறுவன் ஆசிரியரின் ஆணைக்குப் பணிவான். வளர்ந்தவன் காரணம் கேட்பான்.

தமிழ் நெடுங்கணக்கைக் கற்பிக்கும் முறையிலேயே இவ்வேறுபாட்டை விளக்கிக் காட்டலாம். தமிழ் எழுத்துகள் 247 என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். அகரத்தில் தொடங்கி வரிசையாக அவற்றை மனனம் செய்விப்பது குழந்தைக்குப் பொருந்தும். குழந்தைக்குக் காலம் உண்டு. அணிலும் ஆடும் இலையும் அதற்குப் புதுமையும் ஆகும். நாற்பது வயதுத் தொழிலாளிக்கு அணிலின் படத்தைக் காட்டினால் அவனுக்கு நாணமே மிஞ்சும். அவனுக்குக் ‘கூலி’ என்னும் சொல்லை எழுதிக் காட்டினால் நிலைமை மாறுகிறது. இரண்டே எழுத்துகள், அவன் வாழ்க்கை முழுவதும் அவற்றுள் அடங்கியுள்ளது. ‘கடன்’ என்பது மூன்று எழுத்து. அதில் உயிர்மெய்யும் உண்டு, புள்ளி பெற்ற மெய்யும் உண்டு. ‘வட்டி’ என்பதில் ஒற்று இரட்டிக்கும் முறை விளங்கும். இம்மூன்று சொற்களைப் படித்தறிந்தவன் எழுத்துகளை மட்டுமல்லாது தன் நிலையையும் படிக்கத் தொடங்குகிறான். கூலி ஏன் குறைவு, கடன் ஏன் பெருகுகிறது, வட்டி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்ற வினாக்கள் அங்கே தாமே எழும்.

இம்முறையின் வன்மையைப் பிரேசில் நாட்டுப் பவுலோ ஃபிரெய்ரே உலகிற்கு உணர்த்தினார். 1963இல் ஆங்கிகோஸ் என்னும் ஊரில் 300 தொழிலாளர்க்கு ஏறத்தாழ 40 மணி நேரப் பாடத்தில் எழுதவும் படிக்கவும் கற்பிக்கும் முயற்சியை அவர் நடத்தினார். தொழிலாளர் அன்றாடம் கையாளும் செங்கல் முதலிய சொற்களே அவருடைய பாடப் பொருள்கள். மறு ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்தினர் அவரைச் சிறையிலிட்டனர். எழுத்தறிவு மனிதனை எவ்வளவு நிமிரச் செய்கிறது என்பதற்கு அச்சிறைவாசமே சான்று. டத்தோ கிராமாட்டை அடுத்துள்ள இன்றைய குருத்துவாரா சாலையும் முன்னாளில் செங்கற்சூளையின் பெயரால் வழங்கியதே. செங்கல் அறிந்த கைகள் இங்கும் இருந்தன. அக்கைகளுக்கேற்ற பாடநூல்தான் போதிய அளவு எழுதப்படவில்லை.

சான்றிதழ் இல்லாத வகுப்பு

மூன்றாம் வகையினரான அறிவார்வலரைக் காண மலாயாத் தமிழிலக்கிய வரலாற்றையே புரட்டலாம். 1950ஆம் ஆண்டு தமிழ் நேசன் நாளிதழ் ‘கதை வகுப்பு’ ஒன்றைத் தொடங்கிற்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அவ்வகுப்பை நடத்தினர். சிறுகதை எழுதும் முறை இதழின் வாயிலாகவே கற்பிக்கப்பட்டது. அதில் கலந்துகொண்டோர் பகலில் வேறு தொழில் புரிந்தோர். அவர்களுக்கு அவ்வகுப்பினால் ஊதிய உயர்வு கிட்டவில்லை; குடியுரிமை கிட்டவில்லை; அரசாங்க முத்திரை பதித்த சான்றிதழும் இல்லை. ஆயினும் அவர்கள் எழுதினர், திருத்தம் பெற்றனர், மீண்டும் எழுதினர். மலாயாவின் மண்ணையும் மக்களையும் பாடும் எழுத்தாளர் தலைமுறை உருவாக அது பெருந்துணையாயிற்று. 1952இல் தமிழ் நேசனில் ஆசிரியப் பொறுப்பேற்க வந்த கு. அழகிரிசாமி, 1957இல் தமிழகம் திரும்பும் வரை இலக்கியக் கூட்டங்களின் வாயிலாக அப்பணியைத் தொடர்ந்தார்.

இரவுப் பள்ளிகள் மறைந்தும் கதை வகுப்பின் விளைவு நிலைத்ததற்குக் காரணம் யாது? எழுத வந்தவன் அங்கே அறியாதவன் என்று நடத்தப்படவில்லை. சொல்லுவதற்குச் செய்தி உடையவன் என்று நடத்தப்பட்டான். அவன் கண்ட தோட்டமும் துறைமுகமும் அங்கே பாடப்பொருளாயின. அவன் பெயர் அச்சில் வந்தது. கைநாட்டுக்காரன் மகன் என்று இகழப்பட்டவன் எழுத்தாளன் என்று அழைக்கப்பட்டான். தேவை அழைத்து வருகிறது என்றால் மதிப்பே நிறுத்தி வைக்கிறது. முதியோர் கல்வி வரலாற்றின் சாரம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

இதே காலத்தில், 1950களின் நடுவில், தமிழவேள் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்துடன் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூல்கள் சேர்க்க நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பல்கலைக்கழக வாயிலை மிதிக்கவும் வாய்ப்பற்ற தொழிலாளர் தம் கூலியிலிருந்து அவ்வெள்ளியை ஈந்தனர். தாம் படிக்கப் போவதில்லை என்று அறிந்தும் நூலகத்திற்குக் கொடுத்தோர் கல்வியின் மதிப்பை அறியாதவர் ஆவரோ? கல்வியில் ஆர்வமில்லாத சமுதாயம் என்று தொழிலாளரைப் பழித்துரைப்போர் இந்நிகழ்ச்சியை நினைவிற்கொள்ள வேண்டும்.

1971ஆம் ஆண்டின் சிறப்பு

பினாங்கின் முதியோர் கல்வி வரலாற்றில் 1971ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. 1969இல் 57 மாணவரோடு தொடங்கிய பினாங்குப் பல்கலைக்கழகம், பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்று, 1971இல் வெளிவளாகப் பட்டக் கல்வியைத் தொடங்கிற்று. வேலையை விடாது பட்டம் பெறும் வாய்ப்பை இந்நாட்டில் முதன்முதலாகத் திறந்துவிட்டது அதுவே. அஞ்சல் வழிப் பாடங்கள், விடுமுறைக் காலத்துச் செறிவு வகுப்புகள், இறுதி ஓராண்டு வளாகப் படிப்பு என அதன் தொடக்க அமைப்பு இருந்தது.

உலகம் முழுவதும் ஒரே காற்று வீசியது போலும். இங்கிலாந்தின் திறந்த பல்கலைக்கழகம் தன் முதல் மாணவருக்குப் பாடம் தொடங்கியதும் 1971ஆம் ஆண்டிலேயே. மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் பட்டம் பெறுவது வியப்பன்று, இயல்பே என்னும் எண்ணம் மூன்று நாடுகளிலும் ஒருங்கே வேரூன்றிற்று.

இவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டோருள் ஆசிரியர்கள் முன்னணியில் நின்றனர். தமிழாசிரியர் வரலாறே ஒருவகையில் முதியோர் கல்வியின் வரலாறு எனலாம். ஏழாம் வகுப்புத் தேறியவுடன் பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்து, வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் பயிற்சி பெற்று, மணமான பின்னர்த் தேசிய மொழி கற்று, தனித்தேர்வராக எல்.சி.ஈ. தேர்வும் எம்.சி.ஈ. தேர்வும் எழுதி, பிள்ளைகள் உறங்கியபின் விளக்கைத் தாழ்த்திவைத்துப் படித்துப் பட்டம் பெற்ற தலைமுறை ஒன்று தமிழ்ப்பள்ளிகளில் இருந்தது. பகலில் கற்பித்தோர் இரவில் கற்றனர். கற்போனின் அச்சத்தையும் களைப்பையும் தம் உடம்பிலேயே உணர்ந்தமையால் அவர்தம் வகுப்பறையில் பரிவு இருந்தது. பட்டம் அளித்த பெரும்பயன் ஊதிய உயர்வன்று. கற்போனாய் இருப்பதன் துன்பத்தை ஆசிரியர் மறவாதிருந்ததே ஆகும்.

மிதிவண்டி ஏறிய பெண்கள்

இவ்வரலாற்றில் ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. இரவுப் பள்ளிகளிலும் வாசக சாலைகளிலும் அமர்ந்தோர் பெரும்பாலும் ஆடவரே. வகுப்பு தொடங்கும் அந்தி வேளை, பெண்ணுக்கு அடுப்படி வேளை. நேரத்தை வகுத்தவர் ஆடவர். அந்நேரம் பெண்ணுக்கு ஒத்துவருமா என்று எவரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் இதற்கு நல்ல பாடம் கற்பித்தது. 1990களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியும் பெண்களுக்கு அளிக்கப்பட்டது. வயலில் உழைத்தவர், கல்லுடைத்தவர், கிராமச் செவிலியர் எனப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி பழகினர். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் சென்ற காட்சி இந்தியா முழுவதும் பேசப்பட்டது. மிதிவண்டி நேரத்தை மிச்சப்படுத்திற்று; மிச்சப்பட்ட நேரம் படிப்புக்கு இடம் தந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் துணையின்றித் தானே செல்லலாம் என்னும் துணிவு பிறந்தது. அத்துணிவு பெற்றவள் எழுத்தைக் கண்டும் அஞ்சவில்லை. கற்பவரின் வாழ்க்கைக்கு ஏற்ப வகுப்பு வளைய வேண்டுமேயன்றி வகுப்பிற்கேற்ப வாழ்க்கை வளையாது என்பதே புதுக்கோட்டை தரும் படிப்பினை.

இன்றைய கடமை

இன்று பினாங்கில் முதியோர் கல்விக்கு வாயில்கள் பல. 2007இல் முதல் மாணவரை ஏற்ற வாவாசான் திறந்த பல்கலைக்கழகம் ஜார்ஜ்டவுனிலேயே தலைமையகம் கொண்டு இயங்குகிறது. பணி அனுபவத்தையே தகுதியாக மதிப்பிட்டு, 21 வயது நிறைந்தோரை இளங்கலைப் படிப்பில் சேர்க்கும் முறையும் நாட்டில் வழக்கிற்கு வந்துள்ளது. அனுபவமும் கல்வியே என்று அரசாங்க விதியே ஒப்புக்கொண்ட காலம் இது. கைப்பேசியில் பாடம் வருகிறது. காணொளியில் ஆசிரியர் தோன்றுகிறார்.

ஆயினும் வாயில் திறந்திருப்பது வேறு. உள்ளே நுழையும் துணிவு பெறுவது வேறு. கைநாட்டு ஒழிந்தது, அதன் இடத்தில் புதிய வகைக் கல்லாமை வந்து நிற்கிறது. வங்கிப் படிவத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் படிக்காமலே கையொப்பமிடுவோர் உளர். கடன்பட்டபின் வட்டியைக் கணக்கிடுவோர் உளர். தம் பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கையை விளங்கிக்கொள்ள இயலாமல், ஆசிரியரைக் கேட்க நாணி, பெற்றோர் கூட்டத்திற்கே வாராத தாய்தந்தையரும் உளர். அவர்கள் வாராமையை அக்கறையின்மை என்று எழுதிவிடுவது எளிது. அது பெரும்பாலும் அக்கறையின்மை அன்று. அவமானம் நேருமோ என்னும் அச்சமே.

தமிழ்ப்பள்ளியின் எதிர்காலம் பெற்றோரின் விருப்பத்தைப் பொறுத்தது. பள்ளியைக் கண்டு அஞ்சும் பெற்றோர் தம் பிள்ளையை அதனோடு நெருங்கச் செய்ய மாட்டார். பள்ளியில் தாமும் கற்ற பெற்றோரோ அதனைத் தம் வீடெனப் பேணுவர். ஆதலின் முதியோர் கல்வி தமிழாசிரியர்க்குப் புறம்பான தொண்டு அன்று. அவர்தம் பள்ளியைக் காக்கும் பணியின் ஒரு பகுதியே.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வாரத்தில் ஒரு நாள், பெற்றோர்க்கு ஏற்ற நேரத்தில், ஒரு வகுப்பறை திறந்திருந்தால் போதும். தாய்மார் குழந்தைகளையும் உடன் அழைத்துவர இடம் இருத்தல் வேண்டும். பாடநூலுக்கு முன், வந்தவர் எதை அறிய வந்தார் என்று கேட்டறிதல் வேண்டும். அவர் அறிந்ததைக் கொண்டே அறியாததைக் கற்பித்தல் வேண்டும். சலவைத் தொழிலாளியின் கணக்கும் சமையற்காரியின் அளவும் அங்கே பாடமாதல் வேண்டும். யாவற்றினும் மேலாக, வயதிற் பெரியவரை ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்து, பெரியவராகவே நடத்துதல் வேண்டும்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்க் கல்வி வழங்கிவரும் இத்தீவில் தேவைகள் மாறிமாறி வந்து மனிதரைக் கல்வியின் வாயிலுக்கு அழைத்திருக்கின்றன. ஒருகால் வாதமும் ஒருகால் நாட்டுப்பற்றும் அழைத்தன. ஒருகால் நீல அட்டையும் ஒருகால் பட்டமும் அழைத்தன. அழைப்பைக் காலம் பார்த்துக்கொள்ளும். வந்தவரை இருக்கச் சொல்லி உபசரிப்பது ஆசிரியரின் கையில் உள்ளது.